வங்கி ஏலத்தில் வீடு: பதிவு, கேட்பு, பணம் கட்டுவது, சாவி வாங்குவது பற்றி யாராவது சொல்லுங்கள்

நொய்யல்கரை:
எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் அவிநாசி சாலைப் பக்கம் ஒரு வீடு வங்கி ஏலத்துக்கு வந்திருக்கிறது. இரண்டே முக்கால் சென்ட், தரைத்தளமும் மேலே ஒரு அறையும். ரிசர்வ் விலை, அதாவது ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை, 32 லட்சம். அந்தத் தெருவில் இதே அளவு வீட்டை 45-க்குக் குறைந்து யாரும் பேசுவதே இல்லை. பேப்பரில் வந்த அறிவிப்பில் ஈஎம்டி என்ற முன்பணம் 3.20 லட்சம், ஆன்லைன் ஏலம், "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்" என்றெல்லாம் இருக்கிறது. சுவாதீனம் என்ற கட்டத்தில் "சிம்பாலிக்" என்று போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஏலம் ஊர்க் கோவில் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவதுதான். எங்கே பதிவு செய்வது, எப்போது எவ்வளவு கட்டுவது, எதில் ஏமாறுவார்கள் என்று அனுபவப்பட்ட அண்ணன்மார் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பழைய_மேனேஜர்:
தம்பி, நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் மீட்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஏலங்களை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து நடத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது 2002-ஆம் வருடத்துச் சர்ஃபாசி சட்டப்படி நடக்கும் ஏலம். கடன் வாராக்கடனாகி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அப்புறம் சொத்தை வங்கி எடுத்து விற்கிறது. அறிவிப்பில் அதிகாரி ஒருவர் பெயரும் போன் நம்பரும் இருக்கும். அவருக்குப் பெயர் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி. முதல் வேலையாக அவருக்குப் போன் போடுங்கள். வீட்டை உள்ளே பார்க்க முடியுமா, பத்திர நகல் காட்டுவார்களா, வழக்கு எதுவும் இருக்கிறதா, வீட்டுவரி பாக்கி எவ்வளவு, இந்த நான்கையும் கேளுங்கள். நல்ல அதிகாரி என்றால் நகல்களைக் கிளையில் வைத்தே காட்டுவார். "எல்லாம் கிளியர் சார், தைரியமா போடுங்க" என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடிக்கிறவரிடம் இரண்டாவது முறையும் கேளுங்கள்.

பதிவு பெரிய வித்தை இல்லை. பொதுத்துறை வங்கிகளுக்கு முன்பு ஐபேபி என்ற தளம் இருந்தது. 2025 ஜனவரியில் இருந்து பாங்க்நெட். தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் கம்பெனிகளும் வேறு வேறு ஏலத் தளங்களில் நடத்துவார்கள், எது என்று அறிவிப்பிலேயே இருக்கும். செல்போன், மின்னஞ்சல், பான், ஆதார் கொடுத்து கேஒய்சி முடிக்க வேண்டும். பணம் திரும்பி வருவதற்கு உங்கள் வங்கிக் கணக்கையும் இணைக்க வேண்டும். பிறகு அந்தத் தளத்தின் வாலட்டில் ஈஎம்டி தொகையைப் போட்டு, இந்தச் சொத்துக்கு என்று ஒதுக்க வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் உட்கார்ந்து நெஃப்ட் போடாதீர்கள். பணம் போய்ச் சேராமல் பெயர் பட்டியலில் ஏறாத ஆட்களை ஒவ்வொரு ஏலத்திலும் பார்த்திருக்கிறேன். ஏலத்தில் தோற்றால் ஈஎம்டி திரும்பிவிடும், வட்டி கிடையாது.

பணக் கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உதாரணத்துக்கு நீங்கள் 36 லட்சத்துக்கு எடுத்தீர்கள் என்றால், அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள், 25 சதவீதம் கட்ட வேண்டும். அது 9 லட்சம். ஈஎம்டியாகக் கொடுத்த 3.20 இதில் அடக்கம், ஆகவே மேலே 5.80 லட்சம். மிச்சம் 27 லட்சத்தை விற்பனை உறுதி செய்யப்பட்டதில் இருந்து 15 நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் நீட்டிக்கலாம், அதுவும் மொத்தம் 3 மாதத்துக்கு மேல் போகாது. கட்டவில்லை என்றால் கட்டியது போச்சு. ஈஎம்டி மட்டும் இல்லை, அந்த 25 சதவீதமும்.

எதிர்க்கேள்வி:
கட்டியதெல்லாம் போய்விடும் என்பது அநியாயமாக இல்லையா சார்? வங்கி அதே வீட்டை இன்னொருவனுக்கு அதிக விலைக்கு விற்றுவிட்டால் அதற்கு நஷ்டமே இல்லையே. கோர்ட்டுக்குப் போனால் பாதியாவது வாங்கலாமே.

கோர்ட்_வளாகம்:
அப்படித்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒருவர் வாதாடி ஜெயித்தார். மறு ஏலத்தில் வங்கிக்கு அதிகமே கிடைத்திருந்தது. ஆனால் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. சர்ஃபாசி ஏலத்துக்கான விதி 9(5) சொல்கிறபடி முழுத் தொகையையும் பறிமுதல் செய்யலாம், வங்கிக்கு நஷ்டமா என்று பார்க்க வேண்டியதில்லை என்று. அந்த வழக்கில் போனது 3 கோடிக்கு மேல். அதனால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாரும் கேட்பு போட வேண்டாம்.

வேளச்சேரி_வாடகை:
நான் சென்னையில் ஒரு ஃபிளாட் இப்படித்தான் எடுத்தேன். மேனேஜர் சார் சொன்னதோடு ஏலம் நடக்கும் அந்த நேரத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் யூடியூபில் யாரும் அதைச் சரியாகக் காட்டுவதில்லை.

உள்ளே நுழைந்ததும் ரிசர்வ் விலை, ஒவ்வொரு தடவையும் ஏற்ற வேண்டிய தொகை, தற்போதைய உச்ச விலை, ஒரு கடிகாரம். அவ்வளவுதான் திரை. எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாது. எனக்கு ஏற்றத் தொகை 25,000. முதல் முக்கால் மணி நேரம் ஒரு அசைவும் இல்லை. நான் மட்டும்தான் போலிருக்கிறது என்று டீ போட எழுந்தேன். கடைசி மூன்று நிமிடத்தில் ஒருவர் ஏற்றினார். நானும் ஏற்றினேன். கடிகாரம் தானாகவே 5 நிமிடம் நீண்டது. மறுபடி கடைசி நிமிடத்தில் அவர். மறுபடி 5 நிமிடம். இப்படியே போனது. கடைசி நொடியில் தட்டி ஜெயிக்கும் தந்திரமெல்லாம் இங்கே எடுபடாது, கடைசி நிமிடங்களில் யாராவது ஏற்றினால் நேரம் நீளும். எவ்வளவு நீளும் என்பது அந்தந்த ஏல நிபந்தனையில் இருக்கும்.

அந்த நேரத்தில்தான் மனிதனுக்குப் புத்தி கலங்கும். 25,000 தானே, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று விரல் போகும். நான் உச்சத் தொகையை மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். அதைத் தாண்டினால் லேப்டாப்பை மூடிவிடுவதாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கு இரண்டு படி கீழே முடிந்தது. இன்னொன்று, ஒரு பூஜ்யம் சேர்த்துத் தட்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டு உறுதி பட்டனை அழுத்துங்கள்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றி மேனேஜர் சார், வேளச்சேரி அண்ணா. கையில் 14 லட்சம் இருக்கிறது. மிச்சத்துக்கு வீட்டுக்கடன் போடலாம் என்று இருந்தேன். 15 நாளில் கடன் வருமா?

பழைய_மேனேஜர்:
சாதாரணமாக வராது தம்பி. உங்கள் பெயரில் பத்திரம் இருந்தால்தான் அடமானம், முழுப் பணம் கட்டினால்தான் உங்கள் பெயரில் சேல் சர்டிஃபிகேட், அதாவது வங்கி கொடுக்கும் விற்பனைச் சான்று. இந்த முடிச்சை அவிழ்க்கச் சில வங்கிகள் ஏலச் சொத்துக்கென்றே கடன் தருகின்றன. கடன் கொடுக்கும் வங்கி நேராக ஏலம் விட்ட வங்கிக்குப் பணம் அனுப்பி, சர்டிஃபிகேட்டையும் மூலப்பத்திரங்களையும் தான் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதற்கான பேச்சை ஏலத்துக்கு முன்பே முடித்து, சொத்துக்கும் அவர்கள் வக்கீலிடம் லீகல் ஒபினியன் வாங்கி, கையில் அனுமதிக் கடிதத்தோடு போக வேண்டும். ஏலம் விடுகிற வங்கியிலேயே கேட்பது சுலபம், ஆவணம் எல்லாம் அவர்களிடமே இருக்கிறது. சம்பளச் சீட்டைப் பார்த்து "தருகிறோம் சார்" என்று வாயால் சொன்னதை நம்பி இறங்கக் கூடாது.

கோர்ட்_வளாகம்:
இந்த இழையில் எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நொய்யல்கரை முதல் பதிவில் எழுதிய ஒரு சொல் யார் கண்ணிலும் படவில்லை. சிம்பாலிக்.

அதற்கு அர்த்தம், வங்கி வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, பேப்பரில் போட்டிருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் கடன்காரர் குடும்பம் இன்னும் குடியிருக்கிறது. அல்லது வாடகைக்காரர். பிசிகல் என்று இருந்தால் சாவி வங்கியிடம். 45 லட்சம் வீடு 32-க்கு வருவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு சொல்தான்.

சிம்பாலிக்கில் வாங்கினால் வெளியேற்ற வழி சர்ஃபாசி சட்டத்தின் பிரிவு 14. வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனு போடும். உத்தரவு வந்தால் அட்வகேட் கமிஷனர் போலீஸ் துணையோடு போய்ப் பூட்டு உடைத்துச் சுவாதீனம் எடுப்பார். சட்டத்தில் 30 நாள், காரணம் எழுதி 60 நாள் வரை என்று கெடு இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கெடுவை நம்பி வாடகை வீட்டைக் காலி செய்யாதீர்கள். மனுவை வங்கிதான் போட வேண்டும் என்பதால், முழுப் பணமும் வாங்கிய பிறகு அவர்களுக்கு அவசரம் குறைந்துவிடும். ஆகவே பிரிவு 14 மனு ஏற்கெனவே போட்டாயிற்றா, என்ன எண், எந்த நிலையில் இருக்கிறது என்று ஏலத்துக்கு முன்பே கேளுங்கள்.

அடுத்தது டிஆர்டி, அதாவது கடன் மீட்புத் தீர்ப்பாயம். நம் பக்கம் சென்னை, கோவை, மதுரையில் இருக்கின்றன. வங்கியின் ஒவ்வொரு நடவடிக்கையையும் எதிர்த்து 45 நாளுக்குள் கடன்காரர் அங்கே போகலாம். நீங்கள் பணம் கட்டி முடித்த பிறகும் வழக்கு வந்து உங்களையும் ஒரு எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள். நோட்டீஸில் ஒரு நாள் குறைந்திருந்தால்கூட விற்பனை ரத்தாகலாம். முதல் விற்பனைக்கு 30 நாள் அறிவிப்பு வேண்டும், அது நடக்காமல் மறுபடி வைத்தால் 15 நாள். அறிவிப்புத் தேதியையும் ஏலத் தேதியையும் நீங்களே காலண்டரை வைத்து எண்ணிவிடுங்கள். காசில்லாத லீகல் ஒபினியன் அது.

மலைக்கோட்டை_அக்கா:
வக்கீல் சார், கடன்காரர் கடைசி நேரத்தில் முழுப் பணத்தையும் கொண்டுவந்து கட்டிவிட்டால்? எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஏலத்துக்கு முதல் நாள் அப்படி நடந்ததே.

கோர்ட்_வளாகம்:
நடக்கும் மேடம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் கடனை அடைத்துச் சொத்தை மீட்கும் உரிமை. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏலம் முடிந்து ஒருவர் எடுத்த பிறகு, கடன்காரரோடு தனியாகப் பேசிச் சொத்தைத் திருப்பிக் கொடுக்க வங்கிக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஏலம் நடப்பதற்கு முன்பு வங்கி தானாக ஏலத்தை நிறுத்திக்கொள்வதை நீங்கள் தடுக்க முடியாது. ஈஎம்டி திரும்பி வரும், அலைச்சல் உங்களுடையது.

எதிர்க்கேள்வி:
சட்டம் எல்லாம் சரி. ஒரு குடும்பம் கண்ணீரோடு விட்டுப்போகும் வீட்டில் போய்ப் பால் காய்ச்ச மனசு வருமா? அடுத்தவன் வயிற்றெரிச்சல் சும்மா விடுமா என்று எங்கள் அம்மா கேட்பார். நானும் கேட்கிறேன்.

பழைய_மேனேஜர்:
கேட்க வேண்டிய கேள்விதான். என் மனதிலும் ஓடியிருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வங்கியின் பாக்கியும் செலவும் போக மிச்சம் வந்தால் அது கடன்காரருக்குத்தான் போக வேண்டும், சட்டம் அப்படி. 20 லட்சம் பாக்கி இருக்கும் வீடு 36-க்குப் போனால் அந்தக் குடும்பத்துக்குக் கையில் ஏதோ மிஞ்சும். ஆளே வராமல் மூன்றாவது தடவை விலை குறைத்து விற்றால் ஒன்றும் மிஞ்சாது, வட்டி வேறு ஏறிக்கொண்டே இருக்கும். நியாயமான விலை கேட்கிறவர் அவர்களுக்கு எதிரி இல்லை. வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது, அடிமாட்டு விலைக்கு எடுக்கக் கூட்டணி போடும் உள்ளூர் ஆட்கள்தான். ஆன்லைன் வந்த பிறகு அவர்கள் ஆட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

எதிர்க்கேள்வி:
மிச்சம் திரும்ப வரும் என்பது தெரியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார்.

மலைக்கோட்டை_அக்கா:
நொய்யல்கரை தம்பி, இதையெல்லாம் படித்துப் பயந்துவிடாதே. நானும் என் வீட்டுக்காரரும் திருச்சியில் ஒரு வீடு எடுத்தோம். ஏலத்துக்கு முன்னாடி என்னென்ன பார்த்தோம் என்று சொல்கிறேன்.

வங்கி நாள் குறித்துக் காட்டும்போது போனது ஒரு பக்கம், நாங்களாக இரண்டு வேளை தெருவில் போய் நின்று பார்த்தோம். சுவரில் வங்கி எழுதிய சிவப்பு எழுத்து பாதி சுண்ணாம்பு பூசி மறைத்திருந்தது. வாசலில் கோலம், கொடியில் ஸ்கூல் யூனிஃபார்ம். ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்துபோயிற்று. எதிர் வீட்டு அம்மாவிடம் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தேன். மேலே வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரருக்கே உறவு என்பது அங்கேதான் தெரிந்தது. வங்கிப் பேப்பரில் அது எங்கே இருக்கும்?

மீட்டர் பெட்டியில் இருந்த கரண்ட் சர்வீஸ் நம்பரைக் குறித்து வந்து பாக்கி பார்த்தோம். கரண்ட் பாக்கியைப் பழையவர்தான் கட்ட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். பில் கட்டாமல் லைனைத் துண்டித்திருந்தால், மறு இணைப்புக்கு உன்னிடம்தான் கேட்பார்கள்.

அப்புறம் பெயர் விஷயம். யார் பெயரில் பதிவு செய்து கேட்கிறோமோ அவர் பெயரில்தான் சர்டிஃபிகேட் வரும். கணவர் மெயிலில் சாதாரணமாகப் பதிவு போட்டுவிட்டு, ஜெயித்த பிறகு "மனைவி பெயரையும் சேருங்கள்" என்றால் முடியாது என்பார்கள். அப்புறம் தனியாகப் பத்திரம், தனியாக ஸ்டாம்ப் செலவு. ஆரம்பத்திலேயே இரண்டு பேரையும் போட வழி இருக்கிறதா என்று வங்கியிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடு.

கோர்ட்_வளாகம்:
மேடம் சொன்ன கரண்ட் பாக்கி விஷயம் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. "உள்ளது உள்ளபடி" என்று எழுதி விற்றால் இந்த மாதிரிப் பாக்கிகள் வாங்குகிறவர் தலையில் வரலாம். வீட்டுவரி, தண்ணீர் வரி, ஃபிளாட் என்றால் சங்கத்துக்குப் பராமரிப்புப் பாக்கி எல்லாவற்றையும் உங்கள் உச்சத் தொகையில் இருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள்.

நொய்யல்கரை:
அக்கா, ரொம்ப நன்றி. நேற்று வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டு எடுத்தேன். வங்கியின் எம்ஓடி (பத்திரத்தை ஒப்படைத்து வைத்த அடமானம்) பதிவு இருக்கிறது, வேறு அடமானம் இல்லை. ஆனால் பட்டாவில் புன்செய் என்று இருக்கிறது, மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இல்லை. விவசாய நிலத்தைச் சர்ஃபாசியில் எடுக்க முடியாது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். செக்குபந்தி என்ற நான்கு எல்லை விவரத்திலும் கிழக்கே "பொது வழி" என்று பத்திரம் சொல்கிறது, நேரில் அங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஷெட் போட்டிருக்கிறார்.

கோர்ட்_வளாகம்:
பயமுறுத்தியவர் சொன்னதில் பாதி உண்மை. பிரிவு 31 விவசாய நிலத்துக்கு விலக்கு கொடுக்கிறது. ஆனால் பட்டாவில் புன்செய் என்று இருப்பது மட்டும் போதாது, உண்மையில் அங்கே விவசாயம் நடந்தது என்று கடன்காரர் காட்ட வேண்டும். வீடு கட்டி வரி போட்ட இடத்தில் அந்த வாதம் நிற்பது கஷ்டம். ஆனால் அதைச் சாக்காக வைத்து வழக்கு போட்டுக் காலம் கடத்தலாம்.

எனக்கு உறுத்துவது பொது வழியும் அந்த ஷெட்டும்தான். வங்கி வழியை மீட்டுக் கொடுக்காது. சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். வழி இல்லாத வீட்டை 32 லட்சத்துக்கு எடுப்பது லாபம் இல்லை. அப்ரூவல் இல்லாதது நாளை நீங்கள் கடன் கேட்கும்போதும் விற்கும்போதும் முன்னால் வந்து நிற்கும்.

நொய்யல்கரை:
சர்வேயர் வந்து அளந்தார். ஷெட் இரண்டரை அடி வழிக்குள் இருக்கிறது. மிச்சம் இருப்பதில் பைக் போகும், கார் போகாது. இந்த வீட்டை விட்டுவிடுகிறேன். கேஒய்சி முடித்துவிட்டேன், அது வீணாகாது அல்லவா?

பழைய_மேனேஜர்:
வீணாகாது. அதே பதிவில் அடுத்த சொத்துக்கும் போகலாம். இந்த வீட்டையும் கண்ணில் வைத்திருங்கள், முதல் தடவை ஆள் வராவிட்டால் ரிசர்வ் விலையைக் குறைத்து மறுபடி வைப்பார்கள். இரண்டாவது அறிவிப்பில் "பிசிகல்" என்று மாறியிருந்தால் எனக்கு இங்கே சொல்லுங்கள்.

புதுக்கோட்டை_புதுசு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கேஸ் வேறு. ஏலம் ஜெயித்து முழுப் பணமும் கட்டிவிட்டேன். 58 லட்சம். சேல் சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டார்கள். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஸ்டாம்ப் டியூட்டி கேட்கிறார்கள், நண்பர் தேவையில்லை என்கிறார். எது சரி? இன்னொரு சந்தேகம், டிடிஎஸ் (விலையில் இருந்து பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும் என்று ஆடிட்டர் சொல்கிறார், நான் முழுத் தொகையையும் கட்டிவிட்டேனே.

கோர்ட்_வளாகம்:
சர்டிஃபிகேட்டின் நகலை வங்கி அதிகாரி நேராகச் சார்பதிவாளருக்கு அனுப்பினால், அவர் அதைப் பதிவுச் சட்டம் 89(4)-இன்படி முதல் புத்தகத்தில் கோப்பில் சேர்க்க வேண்டும். அதற்கு டியூட்டி இல்லை. நீங்கள் அசலைக் கொண்டுபோய்ப் பதிவுக்கு நீட்டினால் டியூட்டி வரும். 2024-இல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி தெளிவாகச் சொன்னது. உங்கள் நண்பரும் சரி, ஆபீஸில் சொன்னவரும் சரி, நீங்கள் எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள் என்பதுதான். ஆனால் நாளை இதே வீட்டை வைத்துக் கடன் வாங்கப் போனால் அந்த வங்கி பதிவான ஆவணம் கேட்கும். கடன் எண்ணம் இருந்தால் டியூட்டி கட்டிப் பதிவு செய்துவிடுவது நல்லது.

பழைய_மேனேஜர்:
டிடிஎஸ் பற்றி: விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் வாங்குகிறவர் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு 58,000 ரூபாய். வழக்கமாக வங்கிக்கு அந்தத் தொகையைக் கழித்துக் கட்டி, செலான் நகலைக் கொடுப்பார்கள். நீங்கள் முழுசாகக் கட்டிவிட்டதால் அதிகாரிக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள், யாருடைய பான் எண்ணில் கட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே கேளுங்கள். தாமதத்துக்கு வட்டி ஏறும், ஆடிட்டரைப் பிடித்து இந்த வாரமே முடியுங்கள். வங்கியை விட்டு வெளியே வரும் முன் தாய்ப்பத்திரம் முதல் எல்லா மூல ஆவணங்களும் பட்டியல் போட்டுக் கையெழுத்தோடு வந்ததா, எம்ஓடி ரத்து ரசீது பதிவானதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் வில்லங்கத்தில் பழைய அடமானம் அப்படியே நிற்கும்.

புதுக்கோட்டை_புதுசு:
எம்ஓடி ரத்து பற்றி யாரும் சொல்லவே இல்லை சார். திங்கட்கிழமை கிளைக்குப் போகிறேன்.